குழந்தை சிவப்பா பிறக்குமா? குங்குமப்பூ ஊர் சொல்லும் பாடம்!

'மருமகள் முழுகாமல் இருக்கிறாள்' என்று தெரிந்ததும் நம்ம வீடுகளில் முதலில் நடக்கும் காரியம் என்ன? டாக்டரைப் பார்ப்பது இருக்கட்டும். அதற்கு முன்னாலேயே யாராவது ஒருத்தர் கடைக்குப் போய் ஒரு குட்டி டப்பாவை வாங்கி வந்துவிடுவார். உள்ளே, பஞ்சு மாதிரி கொஞ்சூண்டு சிவப்பு இழைகள். குங்குமப்பூ!

"ராத்திரி பால்ல குங்குமப்பூ போட்டுக் குடிச்சியாம்மா?"

"குடிச்சேன் அத்தை."

"மறக்காம குடி. அப்பத்தான் குழந்தை சிவப்பா பிறக்கும்."

இந்தப் பேச்சு நடக்காத வீடு குறைவு. சொல்கிற மாமியார் மனசில் பாசம்தான் இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவில் இருப்பது என்ன, எங்கிருந்து வருகிறது, உண்மையிலேயே என்ன செய்யும், என்ன செய்யாது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? வாங்க, அது விளையும் ஊருக்கே ஒரு நடை போய் வருவோம்.

ஆற்றங்கரையில் ஓர் ஊர்

காஷ்மீரில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போகும் வழியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பாம்பூர். புல்வாமா மாவட்டத்தைச் சேர்ந்த சின்ன ஊர். பக்கத்திலேயே ஜீலம் நதி ஓடுகிறது. பழைய நூல்களில் அந்த நதியின் பெயர் விதஸ்தா.

ஊருக்கும் வயது அதிகம். இதன் பழைய பெயர் பத்மபுரம். 9-ம் நூற்றாண்டில் காஷ்மீர் அரசனின் தாய்மாமன்களில் ஒருவரான பத்மர் என்பவர் இந்த ஊரை உண்டாக்கி, ஒரு விஷ்ணு கோயிலும் கட்டினார் என்கிறது கல்ஹணர் எழுதிய 'ராஜதரங்கிணி'. 12-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட காஷ்மீர் மன்னர்களின் சரித்திரம் அது. காஷ்மீரின் பெருமைகளை அடுக்கும்போது கல்ஹணர் குங்குமப்பூவையும் சேர்த்தே சொல்கிறார். அப்படியென்றால், இந்தப் பூவுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள சம்பந்தம் 850 வருஷத்துக்கும் மேற்பட்டது!

அக்பரின் அமைச்சர் அபுல் ஃபாசல் தன் 'அயினி அக்பரி'யில் பாம்பூர் குங்குமப்பூ வயல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் பூப்பறிக்கும் சமயத்தில் இங்கே வந்தார். வாசனை தூக்கலாக இருந்ததால் கூட வந்தவர்களுக்கெல்லாம் தலைவலி வந்துவிட்டது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். பறிக்கும் ஆட்களுக்கோ ஒரு தலைவலியும் இல்லை! பழக்கம்தானே எல்லாம்.

இரண்டு கதை... இரண்டிலும் வைத்தியம்!

இந்தப் பூ பாம்பூருக்கு எப்படி வந்தது? ஊரில் இரண்டு கதைகள் சொல்கிறார்கள்.

முதல் கதையில், நாகராஜன் தட்சகனுக்குக் கண்ணில் நோய் வருகிறது. பத்மபுரத்து வைத்தியர் ஒருவர் அதைக் குணப்படுத்துகிறார். அதற்குக் கூலியாகத் தட்சகன் கொடுத்ததுதான் குங்குமப்பூக் கிழங்கு. பாம்பூர் பக்கத்தில் ஜேவன் என்ற கிராமத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. பயிர் வேலை தொடங்கும்போது ஜனங்கள் அங்கே கும்பிட்டுப் பசும்பாலை ஊற்றுவார்களாம். பால் தண்ணீரில் அமிழ்ந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும்; மேலே மிதந்தால் சுமார்தான். இந்த நம்பிக்கையையும் அபுல் ஃபாசல் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாவது கதையில், வெளிதேசத்திலிருந்து வந்த இரண்டு சூஃபி மகான்கள் காஷ்மீரில் நோய்வாய்ப்பட்டார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வைத்தியம் செய்து காப்பாற்றினார். நன்றிக்கு அவர்கள் கொடுத்தது இந்தக் கிழங்கு.

சரித்திரப்படி பார்த்தால், கல்ஹணர் காலத்திலேயே பூ இருந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு கதையிலும் குங்குமப்பூ நோயைக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்திய வைத்தியருக்குக் கூலியாகத்தான் வந்தது! இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேட்டில் பூக்கும் பூ

பாம்பூர் ஆற்றங்கரை ஊர் என்றதும், ஆற்றுத் தண்ணீரில் விளைகிற பயிர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பூவுக்குத் தண்ணீர் தேங்கினாலே ஆகாது, கிழங்கு அழுகிவிடும். அதனால் ஆற்றுக்கு மேலே உள்ள மேட்டு நிலங்களில்தான் பயிர் செய்கிறார்கள். அந்த மேடுகளுக்கு 'கரேவா' என்று பெயர். ஒரு காலத்தில் பெரிய ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் அந்த மண். கடல் மட்டத்திலிருந்து 1,600 முதல் 1,800 மீட்டர் உயரம். நம்ம ஏற்காட்டைவிடவும் உயரம்!

குங்குமப்பூச் செடி விதை போடாது. சின்ன வெங்காயம் போலிருக்கும் கிழங்கைத்தான் நட வேண்டும். கோடை முடியும்போது நடுவார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஒன்றிரண்டு நல்ல மழை கிடைக்க வேண்டும். பிறகு அக்டோபர் பின்பாதியில் ஊதா நிறப் பூக்கள் தரையிலிருந்து எட்டிப் பார்க்கும். நவம்பர் நடுப்பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வருஷம் முழுக்க உழைத்த உழைப்புக்கு அறுவடை இரண்டு மூன்று வாரம்தான்!

விடிகாலையில் வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறிக்க வேண்டும். ஆண்கள், பெண்கள், வயசானவர்கள் என்று குடும்பமே குனிந்து நின்று பறித்துக் கூடையில் போடும். வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒவ்வொரு பூவாகப் பிரித்து, நடுவில் இருக்கும் சிவப்பு இழைகளை மட்டும் எடுப்பார்கள். ஒரு பூவில் மூன்றே இழைகள். அதுதான் குங்குமப்பூ!

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூ வேண்டுமானால் சுமார் 150, 160 பூக்கள் பறிக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூக்களுக்கு மேல்! இத்தனைக்கும் மெஷின் கிடையாது. எல்லாம் கை வேலை. இப்போது புரிகிறதா, விலை ஏன் அப்படி இருக்கிறது என்று?

இதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பூவுக்கு மூன்று இழை என்றால், ஒரு கிராமில் 450-க்கும் மேல் இழைகள். தினம் ஐந்து இழை போட்டால் ஒரு கிராம் டப்பா மூன்று மாதம் வரும். 'ஒரு டப்பா பத்து நாளில் தீர்ந்துவிட்டது' என்றால் ஒன்று, நீங்கள் அளவுக்கு மீறிப் போடுகிறீர்கள். இல்லையென்றால் டப்பாவில் இருந்தது குறைவு!

சரி... குழந்தை சிவப்பா பிறக்குமா?

பிறக்காது. ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவோம்.

நம்ம தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது 'மெலனின்' என்ற நிறமி. குழந்தையின் தோலில் அது எவ்வளவு, எந்த வகையில் இருக்கும் என்பது அப்பா, அம்மாவிடமிருந்து வரும் மரபணுக்களைப் பொறுத்தது. கரு உருவாகும்போதே அந்தக் கணக்கு எழுதியாகிவிட்டது. பிறகு அம்மா குடிக்கிற பாலில் எதைப் போட்டாலும் அந்த எழுத்து மாறாது.

குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணம் 'குரோசின்' என்ற பொருள். அது தண்ணீரில் கரையும்; பாலை மஞ்சளாக்கும். வயிற்றுக்குள் போனால் ஜீரணமாகிவிடும். அது போய்க் குழந்தையின் தோலில் ஒட்டிக்கொள்ளாது. பீட்ரூட் சாப்பிட்டால் குழந்தை ரோஸ் கலரில் பிறக்குமா, என்ன?

'காஷ்மீர்க்காரங்க எல்லாம் சிவப்பா இருக்காங்களே!' என்பீர்கள். அது அவர்கள் பரம்பரை வாகு. குங்குமப்பூவையே பார்க்காத எத்தனையோ தேசத்து மக்களும் சிவப்பாக இருக்கிறார்களே! பாம்பூர் விவசாயிக்கு அது விற்றுக் காசாக்கும் பொருள். விசேஷ நாளில், விருந்தாளி வந்தால், 'கெஹ்வா' என்ற பச்சைத் தேநீரில் ஏலக்காய், பட்டை, பாதாமோடு ஓரிரண்டு இழை போடுவார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் மனசைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சிவப்பா பிறக்கணும்' என்று பத்து மாசமும் காதில் ஓதிக்கொண்டே இருந்தால், மாநிறமாகவோ கறுப்பாகவோ குழந்தை பிறந்ததும் அந்தத் தாய் என்ன நினைப்பாள்? 'நான்தான் சரியாகக் குடிக்கவில்லையோ' என்று குமைவாள். பெற்றுப் பிழைத்து வந்தவளுக்கு இந்தத் தண்டனை தேவையா? குழந்தை ஆரோக்கியமாக, நல்ல எடையோடு பிறந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

அப்படியானால் குங்குமப்பூவால் பயனே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. மணம், ருசி, நிறம் மூன்றும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். குமட்டலால் பாலே பிடிக்காத கர்ப்பிணி, அந்த மணத்துக்காகவே ஒரு டம்ளர் பால் குடித்தால் லாபம்தானே! பாலில் உள்ள புரதமும் கால்சியமும் அவளுக்கும் குழந்தைக்கும் சேரும். பாட்டி வைத்தியத்தில் உள்ள நன்மை பெரும்பாலும் அந்தப் பாலில்தான்.

லேசான மனச்சோர்வுக்கு, தினம் 30 மில்லிகிராம் அளவில் குங்குமப்பூ கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஈரானில் நடந்திருக்கின்றன. ஓரளவு நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். சில வாரங்களே நடந்தவை. அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எவ்வளவு போடலாம்?

கர்ப்பிணிகளுக்குச் சமையல் அளவு போதும். ஒரு டம்ளர் பாலுக்கு மூன்று, நான்கு இழை. வெதுவெதுப்பான பாலில் கால் மணி நேரம் ஊற வைத்துக் குடிக்கலாம். 'விலை உயர்ந்த பொருள், நிறையப் போட்டால் நிறைய பலன்' என்று நினைப்பது ஆபத்து. அளவு கூடினால் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும் குணம் இதற்கு உண்டு. ஐந்து கிராமும் அதற்கு மேலும் போனால் விஷம்தான்: வாந்தி, தலைசுற்றல், ரத்தப்போக்கு என்று போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஏற்கெனவே கருச்சிதைவு ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குங்குமப்பூ கேப்ஸ்யூல், எக்ஸ்ட்ராக்ட் என்று வருபவை கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

முக்கியமான ஒரு தப்பு!

பல வீடுகளில் நடப்பது இது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை, ராத்திரி குங்குமப்பூப் பாலோடு சேர்த்தே விழுங்கிவிடுவார்கள். 'ஒரே வேலையா முடிஞ்சுது' என்று நினைப்பு. ஆனால் பாலில் உள்ள கால்சியம், இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். டீ, காபியும் அப்படித்தான். மாத்திரை போட்டும் ரத்தம் ஊறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பேரில் ஒருத்தர்! ரத்தசோகை முற்றினால் குழந்தை எடை குறையும், குறைமாசத்தில் பிறக்கலாம், பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாயால் தாங்க முடியாது. உயிரைக் காக்கிற விஷயம் இதுதான். தோல் நிறம் அல்ல.

எனவே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* நான்காம் மாதம் தொடங்கி, குறைந்தது 180 நாள், தினம் ஒரு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ரத்தம் மிகவும் குறைவாக இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார்.

* பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும்.

* மாத்திரையைத் தண்ணீரிலோ, எலுமிச்சைச் சாறோடோ விழுங்குங்கள். பாலுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். டீ, காபிக்கும் இதே கணக்குதான்.

* கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதீர்கள்.

* மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். இரும்பு மாத்திரையால் அப்படி ஆவது சகஜம்.

* முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முட்டை, மீன், கறி... வசதிக்கும் வழக்கத்துக்கும் தகுந்தபடி தினம் ஏதாவது தட்டில் இருக்கட்டும். கூடவே ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

விலை உயர்ந்த பொருள் என்றால் போலியும் கூடவே வரும். சோளக் கதிரின் குஞ்சத்தைச் சாயத்தில் தோய்த்துக் காய வைத்து விற்பார்கள். குசும்பாப் பூவின் இதழைக் கலப்பார்கள். வாசனைக்கு எசென்ஸ் தெளிப்பார்கள். கர்ப்பிணிக்கு ஆசையோடு கொடுக்கும் பாலில் சாயப்பொடி கரைந்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்!

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இதோ:

* ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு இழை போடுங்கள். அசல் என்றால் நிறம் மெதுவாக, பொன் மஞ்சளாக இறங்கும். இழை வெகுநேரம் சிவப்பாகவே இருக்கும். போட்டதுமே சிவப்பாகச் சாயம் கொட்டி, இழை வெளுத்துவிட்டால் போலி.

* ஈரமான விரலில் வைத்துத் தேயுங்கள். அசல், விரலில் மஞ்சள் கறையை விடும். சிவப்பாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

* இழையை உற்றுப் பாருங்கள். ஒரு நுனி மெலிந்தும், மறு நுனி குழல் ஊதியின் வாய் போலக் கொஞ்சம் விரிந்தும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது வேறு ஏதோ நார்.

* வாயில் போட்டால் மணம் இனிப்பாகவும், ருசி லேசான கசப்பாகவும் இருக்க வேண்டும். இனித்தால் அது அசல் அல்ல.

* பொடியாக வாங்காதீர்கள். இழையாகவே வாங்குங்கள்.

காஷ்மீர் குங்குமப்பூவுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாம்பூர் பக்கத்தில் துஸ்ஸூ என்ற இடத்தில் தரம் பார்த்து விற்கும் மையமும் இருக்கிறது. ஆகவே, காஷ்மீர்ப் பூ என்று சொல்லி விற்றால் அந்தக் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உலகத்தில் விளையும் குங்குமப்பூவில் பெரும் பங்கு ஈரானுடையது. ஈரான் பூவும் நல்ல பூதான். ஆனால் அதைக் 'காஷ்மீர்' என்று சொல்லி விற்பது மோசடி.

வாங்கியதைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அடுப்பு மேடைப் பக்கம் வேண்டாம். வெளிச்சமும் ஈரமும் பட்டால் நிறமும் மணமும் போய்விடும்.

பாம்பூரின் கவலை

இத்தனை பெருமை உள்ள ஊருக்கு இப்போது கவலையும் இருக்கிறது. 1990-களின் நடுவில் காஷ்மீரில் சுமார் 5,700 ஹெக்டேரில் குங்குமப்பூ இருந்தது. 2010 வாக்கில் அது சுமார் 3,700 ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. செப்டம்பர் மழை பொய்க்கிறது. வயல்கள் வீட்டு மனைகளாகின்றன. சிமென்ட் தூசி பயிரைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் புலம்புகிறார்கள். போதாக்குறைக்கு, முள்ளம்பன்றிகள் வேறு கிழங்கைத் தோண்டித் தின்கின்றன! 2010-ல் மத்திய அரசு தேசிய குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கியது. 2011-ல் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு, இந்தச் சாகுபடியை உலகின் முக்கியமான விவசாயப் பாரம்பரியங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. நாம் போலியை வாங்கும்போது ஏமாறுவது நாம் மட்டுமல்ல. பனியில் குனிந்து ஒன்றரை லட்சம் பூ பறித்த அந்தக் குடும்பமும்தான்.

கடைசியாக ஒரு மாமியார் கதை

பாம்பூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 14-ம் நூற்றாண்டில் வாழ்ந்த லல்லேஸ்வரி என்ற ஞானப் பெண்மணி வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இது என்பார்கள். காஷ்மீரில் இந்து, முஸ்லிம் இரு தரப்பும் 'லல் தேத்' என்று கொண்டாடும் பெண் அவர். அவருடைய மாமியார், சாப்பாட்டுத் தட்டில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் மெல்லிசாகச் சோற்றைப் பரப்பிக் கொடுப்பாராம். பார்க்கிறவர்களுக்குத் தட்டு நிறைந்திருக்கும். மருமகளின் வயிறு நிறையாது.

நம்ம வீட்டு மாமியார்கள் அப்படியெல்லாம் இல்லை. காசைப் பார்க்காமல் குங்குமப்பூ வாங்கித் தருகிறவர்கள்! ஆனால் கீரை, பயறு, மாத்திரை எதையும் கவனிக்காமல் பாலின் மேலே நாலு இழை மட்டும் தூவிவிட்டு 'எல்லாம் சரியாயிடும்' என்று இருந்துவிட்டால்? அதுவும் கல்லின் மேல் பரப்பிய சோறுதானே!

அதனால் இன்று ராத்திரி கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்.

"இன்னிக்கு இரும்பு மாத்திரை போட்டியாம்மா? மத்தியானம் கீரை சாப்பிட்டியா?"

"ஆச்சு அத்தை."

"அப்ப சரி. இந்தா, குங்குமப்பூப் பால். உனக்குப் பிடிக்குமேன்னு போட்டேன்!"